பூங்காவைப் பள்ளத்தில் போடுங்கள்: புறநகரில் லே-அவுட் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் புறநகரில் மனைப்பிரிவும் அடுக்குமாடிக் குடியிருப்பும் போடுகிற கட்டுநர்களுக்கும், அவர்களுக்கு வரைபடம் தயாரித்துத் தருபவர்களுக்கும், அந்த வரைபடத்துக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு சிவில் பொறியாளர். தாம்பரத்துக்கு மேற்கே குடியிருக்கிறேன். சைட்டில் லெவல் எடுத்தே காலத்தை ஓட்டியவன் என்பதால், ஒரு இடத்தைப் பார்த்ததும் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்றுதான் முதலில் கண் தேடும். எங்கள் பக்கத்தில் வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. அதை நிறுத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. வீடு எல்லோருக்கும் வேண்டும். நானும் ஒரு காலத்தில் வயலாக இருந்த இடத்தில்தான் வீடு கட்டியிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நீங்கள் சட்டப்படி எப்படியும் ஒதுக்கப்போகிற ஓ.எஸ்.ஆர். நிலத்தை, அதாவது பூங்காவுக்கென்று விடும் பொதுத் திறந்தவெளியை, இடத்தின் மிகத் தாழ்ந்த பகுதியில் ஒதுக்குங்கள். அதை மண் கொட்டி மேடாக்காமல், இன்னும் கொஞ்சம் தோண்டிவிடுங்கள். உங்கள் சாலைகளில் விழும் மழைத்தண்ணீரை முதலில் அங்கே கொண்டுபோய் விடுங்கள். பூங்கா ஒரு கணக்கு, வடிகால் வேறு கணக்கு என்று இப்போது இருப்பதை ஒரே கணக்காக்கச் சொல்கிறேன்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். வீடு வாங்குகிறவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். அதற்குக் குறைவான இடத்துக்கு நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டித் தப்பிக்கும் வழி உண்டு. ஆக, பெரிய திட்டங்களில் இந்த நிலம் உங்கள் கையை விட்டுப் போவது உறுதி. எந்த மூலையில் போகிறது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

அந்த மூலை எப்படித் தேர்வாகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் கார்னர் பிளாட், மெயின் ரோட்டைப் பார்த்த பிளாட், கிழக்குப் பார்த்த பிளாட் எல்லாம் முதலில் வரைந்தாகிவிடும். உயர் அழுத்த மின்கம்பி போகிற ஓரம், கோணல்மாணலாக முக்கோணம் விழுந்த மூலை, சுடுகாட்டை ஒட்டிய பக்கம் என்று யாரும் வாங்கத் தயங்குகிற துண்டுதான் பூங்காவுக்கு வந்து சேரும். அப்புறம் அதற்கும் சாலை மட்டத்துக்கு மேல் கிராவல் கொட்டி, சுற்றிலும் சிமென்ட் கரை கட்டி, கொரியன் புல் விரித்து, நடைபாதைக்குப் பேவர் பிளாக் பதித்து, ஊஞ்சலும் ஒரு ஜிம் சாமானும் வைத்தால் வேலை முடிந்தது. மழை பெய்தால் அந்தப் பூங்காவில் விழுகிற தண்ணீரே அதில் தங்காது. கரையைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிடும். தண்ணீரைக் குடிக்கவேண்டிய இடம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது.

இந்த மண் நிரப்பும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும், ஏனென்றால் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2015-க்குப் பிறகு எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. நியாயமான பயம்தான். அந்த டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. அதற்குப் பிறகு இடத்தை உயர்த்துவதே பாதுகாப்பு என்று ஆகிவிட்டது. வெள்ளப் பாதிப்பைப் பார்த்துக் கொடுக்கப்படும் தடையின்மைச் சான்றிலேயே இடத்தை இன்ன மட்டத்துக்கு நிரப்பவேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக வருகிறது. ஆகவே நிரப்புகிற கட்டுநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் பத்து ஏக்கரை நான்கு அடி உயர்த்துவது என்றால் என்ன என்று பாருங்கள். சுமார் 17,400 யூனிட் மண் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). ஆறு யூனிட் டிப்பரில் அடித்தால் 2,900 லோடு. அந்த மண் ஏதோ ஒரு ஏரியிலிருந்தோ மேட்டிலிருந்தோ வருகிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். இதுவரை அந்தப் பத்து ஏக்கரில் நின்ற தண்ணீர் இனி எங்கே நிற்கும்? நெல் வயலுக்கு வரப்பு அரை அடிதான் இருக்கும். அந்த அரை அடி வரப்பே 15 செ.மீ. மழையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். வரப்பை அழித்து, நான்கு அடி மேடாக்கி, சுற்றுச்சுவர் எழுப்பி, கேட்டிலிருந்து வெளிச்சாலையை நோக்கி வழவழவென்று சரிவு கொடுத்த நாளிலேயே அந்த 15 செ.மீ. பக்கத்துத் தெருவுக்குச் சொந்தமாகிவிடுகிறது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் அப்படி ஒரு லே-அவுட் வந்தது. பெயர் வேண்டாம். நல்ல சாலை, நல்ல விளக்கு, மரம்கூட நட்டிருக்கிறார்கள். சுற்றுச்சுவரின் அடியில் வரிசையாக நான்கு அங்குல பிவிசி குழாய்களை வெளியே நீட்டி விட்டிருக்கிறார்கள். மழை பிடித்த பத்தாவது நிமிடம் அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் பீய்ச்சும். தெருவில் கடைசி வீட்டுக்காரர் வாசலில் செங்கல் அடுக்கித் தடுப்புக் கட்டியிருக்கிறார். அடுத்த வருடம் அவரும் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கப் போகிறாராம். அவர் தூக்கினால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். இப்படி ஆளுக்கு ஆள் உயர்த்திக்கொண்டே போனால் கடைசியில் மாட்டிக்கொள்வது உயர்த்தக் காசில்லாதவர் வீடுதான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். நீங்களும் எக்செல் ஷீட்டில் போட்டுப் பாருங்கள்.

பத்து ஏக்கர் லே-அவுட். ஒரே நாளில் 10 செ.மீ. மழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது இங்கே அதிசயமில்லை. மொத்தம் விழும் தண்ணீர் சுமார் 40 லட்சம் லிட்டர். கூரை, கான்கிரீட் சாலை, வாசல், பேவர் எல்லாம் வந்தபின் அதில் 70 சதவீதம் ஓடி வெளியேறும் என்று வைத்துக்கொண்டால் 28 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் சுமார் 235 லாரி. இப்போது ஓ.எஸ்.ஆர். பக்கம் வாருங்கள். சாலைகளுக்கு 30 சதவீதம் போனால் மீதி ஏழு ஏக்கர், அதில் பத்தில் ஒரு பங்கு 70 சென்ட். அதாவது சுமார் 2,830 சதுர மீட்டர். அதைச் சராசரியாக ஒரு மீட்டர் தாழ்த்தினால் கொள்ளுகிற தண்ணீர் 28 லட்சம் லிட்டர்.

இரண்டு எண்ணும் பொருந்துவது 70 சதவீதம், 30 சதவீதம் என்று நான் எடுத்துக்கொண்ட அளவுகளால்தான். உங்கள் இடத்தில் கூடவோ குறையவோ வரும். கரையைச் சரிவாக வெட்டவேண்டியிருப்பதால் அடிப்பரப்பு சுருங்கும், நடுவில் ஐந்தடி வரை போகவேண்டியிருக்கும். 49 செ.மீ. பெய்கிற நாளில் இது போதவே போதாது, அதையும் ஒளிக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து தெருவை முழங்கால் அளவு நிரப்புகிற மழைக்கு, நீங்கள் எப்படியும் தரப்போகிற நிலமே ஏறத்தாழப் போதும். கூடுதலாக ஒரு சென்ட் நிலம்கூட நீங்கள் இழக்கவேண்டாம். தோண்டி எடுக்கும் மண் ஏறத்தாழ ஆயிரம் யூனிட் வரும். சாலைக்கு அடியில் போட முடியாத களிமண்ணாக இருந்தாலும் மனை உயர்த்தவும் தோட்டத்துக்கும் ஆகும். சுமார் 165 லோடு வெளியிலிருந்து அடிக்கிற செலவு மிச்சம்.

அந்தப் பள்ளத்தை எப்படி அமைப்பது என்பதற்கு வெளிநாட்டுக் கையேடு தேவையில்லை. நம் ஏரிக்குத் தண்ணீர் வர வரத்துக்கால், திறந்துவிட மதகு, மிஞ்சியது வழிய கலங்கல் என்று மூன்று உண்டு. இதற்கும் அதே மூன்றுதான். உள்ளே வரும் வழியில் மண் படிய ஒரு தொட்டி வையுங்கள்; மூன்றடிக்கு மூன்றடி இருந்தாலும் சரி, ஆள் குனிந்து மண் அள்ளும்படி இருக்கவேண்டும். வெளியே விடும் வழி சின்னதாக, வேண்டுமென்றே சின்னதாக இருக்கட்டும். ஆறங்குலக் குழாய் போதும். அப்போதுதான் ஒரு மணி நேரத்தில் வந்த தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் நிதானமாக வாய்க்காலுக்குப் போகும். எல்லா லே-அவுட்டும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தள்ளுவதால்தான் வாய்க்கால் நிரம்பி வழிகிறது. நேரத்தைத் தள்ளிப்போட்டாலே பாதிப் பிரச்சினை குறையும். கலங்கலைச் சாலை மட்டத்துக்கு ஒரு அடி கீழே வையுங்கள். மிகப்பெரிய மழையில் தண்ணீர் அதைத் தாண்டிப் பழைய ஓடைக்கே போகட்டும், யாருடைய வாசலுக்கும் வேண்டாம்.

சாலையோரம் செடி வைக்கிற பாத்திகளிலும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். இப்போது பாத்தி சாலையைவிட அரை அடி உயரத்தில், சிமென்ட் கட்டைக்குள் இருக்கிறது. அதைச் சாலைக்கு அரை அடி கீழே கொண்டுபோய், ஓரக்கல்லில் பத்து அடிக்கு ஒரு இடைவெளி விடுங்கள். செலவு அதேதான், மேஸ்திரிக்கு ஒருமுறை பக்கத்தில் நின்று காட்டவேண்டும், அவ்வளவுதான். நிற்காமல் வந்துவிட்டால் பழக்கதோஷத்தில் அவர் உயர்த்தித்தான் கட்டிவிட்டுப் போவார்.

மண்ணைப் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே கசிவுநீர்க் குழியைத் தோண்டுவதையும் விட்டுவிடுங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு குழி தோண்டுவது ஒரு சடங்குபோல் ஆகிவிட்டது. ஈ.சி.ஆர். பக்கம் மணல், அங்கே உறை இறக்கினால் தண்ணீர் கண்முன்னே உள்ளே போகும். பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் களிமண். போதாததற்குக் கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே வந்து நிற்கும், குழிக்கு உள்ளிருந்து தண்ணீர் ஊறும். தாம்பரம், பல்லாவரம் பக்கம் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. களிமண்ணிலும் பாறையிலும் தண்ணீரை உறிஞ்ச வைப்பதைவிடத் தேக்கி மெல்ல விடுவதே நடக்கிற காரியம். அதற்குத் தாழ்ந்த பூங்காதான் சரியான இடம்.

பள்ளிக்கரணையின் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. சுமார் 250 சதுர கி.மீ. பரப்பின் மழை அந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேரவேண்டும். 2022-இல் அது ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் ஆனபோது குறிக்கப்பட்ட பரப்பு 1,248 ஹெக்டேர்தான். ஒரு காலத்தில் அது இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கம், பள்ளிக்கரணை வீடுகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். மேலே இருக்கிற ஒவ்வொரு லே-அவுட்டும் தன் 28 லட்சம் லிட்டரை ஒரு நாள் பிடித்து வைத்துக்கொண்டால் கீழே இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

நீங்கள் சொல்லப்போகும் ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும். கொசு வரும் என்பீர்கள். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும்; மூன்று நாளில் வடிந்துவிடும்படி அமைத்தால் அந்தப் பள்ளத்தில் கொசு உற்பத்தியாகாது. டெங்கு கொசு தேடுவது மொட்டைமாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பாவையும் மூடாத சம்ப்பையும். குழந்தைகள் விழுந்துவிடுவார்கள் என்பது நிஜமான கவலை, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. செங்குத்தாக வெட்டாமல் நான்கடிக்கு ஒரு அடி இறக்கமாகச் சரிவு கொடுங்கள், ஆழமான நடுப்பகுதியைச் சுற்றிக் கம்பிவேலியும் அதையொட்டிக் கோரையும் வெட்டிவேரும் வையுங்கள். மற்ற ஒன்பது மாதம் காய்ந்து கிடக்கும் அந்தச் சரிவில்தான் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடப்போகிறார்கள். நீர்மருது, நாவல், புங்கன் எல்லாம் சில நாள் காலில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். சீக்கிரம் பச்சையாகிறது என்பதற்காகக் கோனோகார்பஸை மட்டும் கொண்டுவராதீர்கள்.

ஓ.எஸ்.ஆர். நிலத்துக்குப் பொதுச்சாலையிலிருந்து நேரடி வழி வேண்டுமே, தாழ்ந்த பகுதி பின்னால் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு கட்டுநர் நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மனைப்பிரிவில் இது சிக்கலே இல்லை, உள்சாலைகளும் உள்ளாட்சிக்குத்தானே போகின்றன. அடுக்குமாடித் திட்டத்தில்தான் வம்பு. அங்கே பின்பக்கம் வரை ஒரு பொதுவழி விடவேண்டும்; கேட் வைத்த சமூகம் என்று விற்கிறவர்களுக்கு அது பிடிக்காது. எனக்கும் இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. நிலத்தின் ஓரமாக அந்த வழியை ஓடையோடு சேர்த்துப் போட்டால் ஓடைக்கும் பராமரிப்புப் பாதை கிடைக்கும், சில இடங்களில் அது சரிவரும்.

கொசுவையும் வழியையும்விட எனக்குப் பெரிய பயம் கழிவுநீர்தான். எஸ்.டி.பி. என்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை இரவில் அணைத்துவிட்டு மழைநீர் வடிகாலில் திறந்துவிடுகிற பழக்கம் எங்கெல்லாம் இருக்கிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். அப்படி ஒரு இணைப்பு வந்துவிட்டால் நான் சொன்ன பூங்கா ஆறே மாதத்தில் சாக்கடைக் குட்டையாகிவிடும், அங்கே குடியிருப்பவர்களே மண் கொட்டி மூடச் சொல்வார்கள். ஆகவே மழைநீர்க் குழாய் பூங்காவில் வந்து விழும் வாய் வெளியே தெரியும்படி இருக்கட்டும். மழையில்லாத நாளில் அதில் தண்ணீர் வந்தால் நடைப்பயிற்சி போகிற நான்கு பேர் பார்த்துவிடுவார்கள். மூடிய குழாய்க்குள் நடப்பதை எந்த அதிகாரியும் கண்டுபிடிக்க முடியாது.

அதிகாரிகளிடம் தனியாகச் சில வார்த்தைகள். 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பகுதியில் பெரும்பாலானவை ஏரிப் பாசன ஊர்கள். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மூன்றாவது பெருந்திட்டமும் தயாராகி வருகிறது. இதைவிட்டால் வேறு சமயம் கிடையாது. லே-அவுட் வரைபடத்தோடு, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமமட்டக் கோடுகளை அரை மீட்டர் உயர இடைவெளியில் போட்ட நிலப்படத்தையும் கேளுங்கள். இப்போது டிரோனில் ஒரே நாளில் எடுத்துவிடுகிறார்கள். அதில் ஓ.எஸ்.ஆர். எங்கே விழுகிறது என்று பாருங்கள். புல வரைபடத்தில் ஓடை என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பட்டா நிலத்துக்குள் வயலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறங்கிய பாதைகள் எந்த ஆவணத்திலும் இல்லை, சமமட்டக் கோட்டில் மட்டும்தான் தெரியும். இடத்தை நிரப்பச் சொல்லும் அதே சான்றில், நிரப்புவதால் இடம் இழக்கும் தண்ணீரை எங்கே தேக்கப்போகிறாய் என்றும் கேளுங்கள். சிங்கப்பூரில் 2014 முதல் 0.2 ஹெக்டேர், அதாவது அரை ஏக்கர் அளவுள்ள புதிய கட்டுமானங்களே மழைநீரைத் தன் இடத்தில் கொஞ்சம் தேக்கி மெதுவாகத்தான் வெளியே விடவேண்டும். நம் இரண்டரை ஏக்கர்க்காரரிடம் கேட்பது கொடுமையில்லை.

தானப் பத்திரம் எழுதியபின் அந்தப் பூங்காவை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் பத்திரத்தோடு சேர்த்தே எழுதிவிடுங்கள். மண் அள்ளுவது புரட்டாசிக்கு முன் ஒருமுறை, தை பிறந்தபின் ஒருமுறை. நிலம் உள்ளாட்சியுடையதாகவே இருக்கட்டும், வேலையைக் குடியிருப்போர் சங்கம் செய்யலாம், முதல் ஐந்து வருடச் செலவைக் கட்டுநர் வைப்பாகக் கட்டலாம். ஊராட்சிக்கு ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டே அதன் தலையில் கட்டிவிட்டுப் போவது யாருக்கும் உதவாது. சென்னை மாநகராட்சி தன் பூங்காக்கள் சிலவற்றில் ஸ்பாஞ்ச் பூங்கா என்று தண்ணீர் தேங்கும் பள்ளங்களை ஏற்கெனவே அமைத்திருக்கிறது. பொதுப்பணத்தில் பழைய பூங்காவை உடைத்துச் செய்வதை, புதிய இடத்தில் முதலிலேயே செய்யச் சொல்கிறேன்.

கட்டுநர்களுக்கு இன்னும் ஒன்று. உங்களில் பலர் இப்போது நிலம் பேசி முடித்து, சர்வேயரை வரச்சொல்லி இருப்பீர்கள். பிளாட் வரைவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஐப்பசியில் நல்ல மழை பெய்கிற ஒரு நாளில் குடையோடு அந்த இடத்துக்குப் போய், தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து நான்கு மூலையிலும் குச்சி நட்டுவிட்டு வாருங்கள். பக்கத்து வயல்காரரைக் கேட்டால் மழைக்குக்கூடக் காத்திருக்கவேண்டாம், அவரே காட்டிவிடுவார். அந்தக் குச்சிகளுக்கு நடுவில் இருப்பதைப் பூங்கா என்று வரைபடத்தில் போட்டுவிட்டு, மீதியைப் பிரித்து விற்றுக்கொள்ளுங்கள். லெவல் கணக்குப் பார்க்க உதவி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
தாம்பரத்துக்கு மேற்கே குடியிருக்கும் ஒரு சிவில் பொறியாளர்